துண்டு, ரிலீஸ், ஹுரூப்: முதலாளியை மாற்றிக்கொள்ளும் உரிமை குறித்து

கூலி உழைப்பைப் பற்றி எழுதும்போது நாம் பெரும்பாலும் உழைப்பு எப்படி உறிஞ்சப்படுகிறது என்பதையே பேசுகிறோம். சம்பளம், வேலை நேரம், உபரி மதிப்பு என்று இவற்றைச் சுற்றியே நமது சொல்லாடல் நகர்கிறது. ஒரு தொழிலாளி இந்த முதலாளி வேண்டாம், அடுத்த தெருவில் இருப்பவனிடம் போகிறேன் என்று கிளம்புவது ஒரு கோட்பாட்டுப் பிரச்சினையாக நமக்குத் தோன்றுவதேயில்லை. பிடிக்கவில்லை, போகிறான், இதில் என்ன இருக்கிறது? ஆனால் வளைகுடா நாடுகளில் வேலை செய்துவிட்டு வந்த யாரிடமாவது பத்து நிமிடம் பேசிப் பார்த்தால் தெரியும். கஃபீல், இக்காமா, ரிலீஸ், எக்ஸிட், ஹுரூப், கல்லிவல்லி, அவுட்பாஸ் என்று அவர்கள் பேச்சில் வந்து விழும் சொற்களில் பெரும்பாலானவை வேலை செய்வது பற்றியவை அல்ல, வேலையை விட்டு விலகுவது பற்றியவை. விமானமேறிப் போன தமிழ் தனக்குப் புதிதாகச் சேர்த்துக்கொண்ட சொற்கள் இவைதான். இது தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன்.

மார்க்ஸ் ‘மூலதனம்’ முதல் தொகுதியில் கூலித் தொழிலாளியை இரு பொருளில் சுதந்திரமானவன் என்கிறார். தன் உழைப்புச் சக்தியைத் தன் சொந்தச் சரக்காக யாருக்கும் விற்கலாம் என்பது ஒன்று. விற்பதற்கு அதைத் தவிர வேறெதுவும் அவனிடம் இல்லை என்பது மற்றொன்று. இரண்டாவதில் உள்ள கிண்டல் நமக்கு நன்றாகவே புரிகிறது. முதலாவதை மட்டும் அப்படியே நம்பிவிடுகிறோம். அதே நூலின் கடைசி அத்தியாயத்தில் அவர் ஒரு கதை சொல்கிறார், வேக்ஃபீல்டிடமிருந்து எடுத்தது. பீல் என்றொரு கனவான் 50,000 பவுண்டு பெறுமான பண்டங்களோடும் கருவிகளோடும், அவற்றோடு 3,000 பாட்டாளிகளையும் அழைத்துக்கொண்டு மேற்கு ஆஸ்திரேலியாவின் ஸ்வான் ஆற்றங்கரைக்குப் போய் இறங்குகிறார். இறங்கியதும் படுக்கையைத் தட்டிப்போடக்கூட ஆளில்லை. நிலம் சும்மா கிடந்தது, அவரவர் வழியைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வந்த பீல் இங்கிலாந்தின் உற்பத்தி உறவுகளை மட்டும் கப்பலேற்ற மறந்துவிட்டார் என்று கேலி செய்கிறார் மார்க்ஸ்.

பீலுக்குப் பின்னால் வந்தவர்கள் மறக்கவில்லை. விலகிப் போவதைக் குற்றமாக்குவது என்பது காலனிய ஆட்சி பரவலாகக் கையாண்ட வழி. இங்கேயே 1859இன் 13ஆம் சட்டம் இருந்தது. முன்பணம் வாங்கிவிட்டு வேலையை விட்டுப் போன தொழிலாளியை மாஜிஸ்திரேட்டிடம் நிறுத்தி மூன்று மாதம்வரை உள்ளே தள்ளலாம். வேலை கொடுத்தவன் ஒப்பந்தத்தை மீறினால் அது சிவில் வழக்கு, கூலிக்காரன் மீறினால் கிரிமினல் குற்றம். 1925இல்தான் இதை ரத்து செய்தார்கள். யான் மூலியே-பூத்தாங் என்ற பிரெஞ்சுக்காரர் 1998இல் எழுதிய பெரும் நூலொன்றில் முதலாளியத்தின் வரலாறே தொழிலாளி ஓடிப்போவதற்கும் அவனை ஓடாமல் நிறுத்திவைப்பதற்கும் இடையிலான வரலாறுதான் என்று வாதிடுகிறார். சங்கிலியற்ற, ஆனால் கடிவாளமிட்ட கூலி உழைப்பு என்பது அவரது கருத்தாக்கம். முழு ஒப்புதல் இல்லாவிட்டாலும், நாம் விட்டுவிட்ட ஒரு முனையை அவர் பிடித்திருக்கிறார் என்றே சொல்ல வேண்டும்.

தமிழர்களுக்கு இந்தக் கடிவாளத்தின் பெயர் முன்பே தெரியும். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் அதன் பெயர் துண்டு. தோட்டத்துரை ஒரு காகிதத் துண்டில், இன்ன கங்காணியின் ஆட்களை இவ்வளவு ரூபாய் கட்டினால் விடுவிக்கிறேன் என்று எழுதிக் கொடுப்பார். அந்தத் தொகை ஆட்களின் தலையில் ஏறியிருந்த கடன். பயணச் செலவு, அரிசி, முன்பணம் என்று ஊரிலிருந்து கிளம்பும்போதே தொடங்கிய கணக்கு. கங்காணி துண்டை எடுத்துக்கொண்டு வேறு தோட்டத்துக்குப் போவார். அங்குள்ள துரை பணத்தைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். ஆக, முதலாளி மாறினார், கடன் மாறவில்லை. ஆளுக்குத் தட்டுப்பாடு இருந்த நாட்களில் துண்டின் தொகை ஏறிக்கொண்டே போனது, அந்த ஏற்றத்தின் பலனைக் கங்காணி எடுத்துக்கொண்டார், சுமை கூலிக்காரன் கணக்கில் விழுந்தது. அதாவது தொழிலாளி இடம் மாறுகிறான், ஆனால் மாறுகிற காரியத்தைச் செய்பவன் அவனில்லை. அவனைச் சுமந்து ஒரு காகிதம் மாறுகிறது. ஆங்கிலேய அதிகாரிகளுக்கு இதற்கு ஆங்கிலச் சொல் கிடைக்காமல் துண்டு என்றே தங்கள் அறிக்கைகளில் எழுதினார்கள். 1921இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

இப்போது வளைகுடாவுக்கு வருவோம். கஃபாலா என்ற அரபுச் சொல்லுக்குப் பிணை, பொறுப்பேற்பு என்று பொருள். கஃபீல் என்றால் பிணை நிற்பவர். இதை ஏதோ பழைய பாலைவன வழக்கம், இஸ்லாமியச் சட்டத்தின் எச்சம் என்று நம் பத்திரிகைகள் எழுதுவதுண்டு. சொல் பழையதுதான். ஆனால் குடியேற்றத் தொழிலாளியின் மீது ஒரு உள்ளூர்க்காரரைப் பிணையாளராக நிறுத்தும் நிர்வாக முறை 1920களில் பஹ்ரைனில், முத்துக்குளிப்புத் தொழிலை ஒட்டி பிரிட்டிஷ் நிர்வாகம் உருவாக்கியது என்பதை ஓமர் அல்ஷெஹாபி போன்ற வரலாற்றாளர்கள் ஆவணங்களோடு காட்டியிருக்கிறார்கள். வருகிறவர்களையெல்லாம் கண்காணிக்க காலனிய அரசிடம் ஆள் இல்லை, செலவு செய்யவும் மனமில்லை. கண்காணிப்பை உள்ளூர் முதலாளியிடம் குத்தகைக்கு விட்டது. எல்லைக் காவலை அரசிடமிருந்து கழற்றி ஒவ்வொரு முதலாளியின் கையிலும் ஒரு துளி கொடுத்துவைத்தால் எப்படி இருக்கும், அதுதான் கஃபாலா. அதிகாரம் மேலிருந்து மட்டும் வருவதில்லை, நுண்ணிய இடங்களில் பரவிக்கிடக்கிறது என்று ஃபூக்கோவை மேற்கோள் காட்டி நிறைய எழுதியிருக்கிறோம். அதற்கு இதைவிட வெளிப்படையான உதாரணம் கிடைக்காது.

செயல்படும் விதத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். உள்ளே நுழைய விசா, தங்கியிருக்க இக்காமா, வேலை பார்க்க உத்தரவு. மூன்றும் தனித்தனிக் காகிதங்கள், மூன்றிலும் முதலாளியின் பெயர். இக்காமாவைப் புதுப்பிக்க வேண்டியவர் முதலாளி. அவர் காசு கட்டாமல் விட்டால் சட்டவிரோதியாகிறவர் தொழிலாளி. ஒருவர் செய்யத் தவறியதற்கு இன்னொருவர் உடல் குற்றத்தன்மை பெறுகிறது. வேலையை விட்டால் வேலைதானே போகும்? இங்கே வேலையோடு சேர்த்து நிற்கும் உரிமையும் போகிறது. ‘விடுவிக்க எனக்கு ஆட்சேபமில்லை’ என்று முதலாளி எழுதிக் கொடுத்தால்தான் அடுத்த முதலாளி அவரைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள முடியும். அந்தக் காகிதம்தான் ரிலீஸ். கொடுக்காமல் இருக்கலாம். கொடுப்பதற்கு விலை வைக்கலாம். கோபம் வந்தால் ‘இவன் ஓடிவிட்டான்’ என்று பதிவு செய்யலாம். சவூதியில் அதன் பெயர் ஹுரூப், தப்பியோட்டம். ஹுரூப் விழுந்தவரை யாரும் வேலைக்கு எடுக்க முடியாது, பிடித்தால் சிறை, பிறகு நாடு கடத்தல். ஒரே அறையில் தூங்கிக்கொண்டிருப்பவர்மீதும் தப்பியோட்டம் பதிவாகியிருக்கும், அவருக்கே தெரியாது.

பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து ரியாத்துக்குக் கம்பி கட்டும் வேலைக்குப் போன ஒருவரை எனக்குத் தெரியும். ஆள் சப்ளை செய்யும் ஒரு கம்பெனி. 2016இல் எண்ணெய் விலை சரிந்து கட்டட வேலைகள் முடங்கியபோது ஐந்து மாதம் சம்பளம் வரவில்லை. வேறொரு ஒப்பந்தக்காரர் கூப்பிட்டார், கூடுதல் சம்பளம், கையில் பணம். ரிலீஸ் கேட்டுப் போனதற்கு, விசாவுக்கும் இக்காமாவுக்கும் கம்பெனி செய்த செலவைக் கட்டிவிட்டுப் போ என்றார்கள். பாக்கிச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளச் சொன்னார் இவர். பாக்கியே இல்லை என்றது கம்பெனி. “வேலைய விடறது ஒண்ணும் பெரிசில்ல தம்பி. கம்பிய கீழ போட்டுட்டு வந்துரலாம். வந்து நின்னா நா யாரு? அதான் கேள்வி. இக்காமாவுல அவன் பேருதான் இருக்கு, எம் பேரு சும்மா மேல எழுதியிருக்கு” என்றார் என்னிடம். குடியுரிமை, அடையாளம், தன்னிலை என்று நாம் பக்கம் பக்கமாக எழுதுவதை அவர் இரண்டு வரியில் முடித்துவிட்டார். கடைசியில் சம்பளம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு எக்ஸிட் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தார். ஊரில் ஏஜெண்டுக்குக் கொடுத்த கடன் அப்படியே நின்றது. இந்தியச் சட்டப்படி பதிவு பெற்ற ஏஜெண்டு தொழிலாளியிடம் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கு ஜி.எஸ்.டி.யும்தான். அவர் கொடுத்தது அதுபோல் நான்கு மடங்கு. துண்டில் கடன் தோட்டத்துரையின் பேரேட்டில் இருந்தது. இப்போது கடன் பெரம்பலூரில், காகிதம் ரியாத்தில். இரண்டும் வேறு வேறு கையில் இருப்பதால் இது கொத்தடிமை முறை என்று எந்தச் சட்டத்தின் கண்ணிலும் படுவதில்லை.

இதெல்லாம் பழைய கதை, கஃபாலாவை ஒழித்துவிட்டார்களே என்று கேட்கலாம். ஆமாம், ஒழித்திருக்கிறார்கள், பல தடவை. பஹ்ரைன் 2009இல் ஒழித்ததாக அறிவித்தது. முதலாளியின் சம்மதமில்லாமல் மாறலாம் என்றது. 2011இல், முதல் முதலாளியிடம் ஓராண்டு இருந்துவிட்டுத்தான் மாறலாம் என்று திருத்திக்கொண்டது. உலகக் கோப்பை நடத்தப்போகும் நாடு என்பதால் உலகத்தின் கண் பட்ட கத்தார், 2016 டிசம்பரில் ஒரு புதுச் சட்டத்தை அமலாக்கி கஃபாலா என்ற சொல்லையே எடுத்துவிட்டது. நாட்டைவிட்டு வெளியேற முதலாளியின் அனுமதி வேண்டும் என்ற விதி பெரும்பாலோருக்கு 2018இல் போனது, வீட்டு வேலையாட்களுக்கு 2020இல். 2020 ஆகஸ்டில் வந்த சட்டங்கள் ஆட்சேபமின்மைக் கடிதத்தை நீக்கின. இரண்டு வருடத்துக்குள் என்றால் ஒரு மாத முன்னறிவிப்பு, அதற்குமேல் வேலை பார்த்தவர் என்றால் இரண்டு மாதம், அவ்வளவுதான் என்றார்கள். சவூதி 2021 மார்ச் 14 முதல், ஒப்பந்தப்படி ஓராண்டு முடித்த தனியார் நிறுவனத் தொழிலாளி சம்மதமின்றி மாறலாம் என்றது. சம்பளம் மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டாலோ, இக்காமா காலாவதியாகிவிட்டாலோ ஓராண்டுகூடக் காத்திருக்க வேண்டாம்.

இவை பொய் அல்ல. பெரம்பலூர்க்காரர் ஐந்து வருடம் தள்ளிப் போயிருந்தால் ஐந்து மாதச் சம்பள பாக்கி என்ற ஒரே காரணத்தால் அவர் மாறியிருக்க முடியும். சீர்திருத்தம் என்றாலே ஏமாற்று என்று புறங்கையால் தள்ளிவிடுகிற நம் தோழர்களின் பழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு காகிதம் குறைவது என்பது ஒரு மனிதனுக்கு ஒரு வருட வாழ்க்கை. ஆனால் என்ன மாறியது, என்ன மாறவில்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. போவதற்குச் சம்மதம் தேவையில்லை என்று ஆக்கினார்கள். தங்கியிருப்பதை முதலாளியின் பெயரிலிருந்து பிரிக்கவில்லை. இக்காமா இன்னமும் அவர் பெயரில், புதுப்பிக்காமல் விடுகிற வசதி இன்னமும் அவர் கையில், ஓடிவிட்டான் என்று புகார் செய்கிற பொத்தானும் அவர் கணினியில். கத்தாரில் ஆட்சேபமின்மைக் கடிதம் போன இடத்தில், முதலாளி முத்திரை குத்திய ராஜினாமாக் கடிதம் கொண்டுவா என்று கேட்கும் வழக்கம் முளைத்ததை ஆம்னஸ்டி பதிவு செய்திருக்கிறது. சட்டத்தில் செத்த துண்டு நடைமுறையில் வேறு பெயரில் எழுந்து நிற்கிறது. சவூதியும் 2022இல் தனியார் நிறுவனத் தொழிலாளர் விஷயத்தில் ஹுரூப் முறையை மாற்றி, வேலையிலிருந்து துண்டிக்கப்பட்டவர் என்ற புதிய வகையைக் கொண்டுவந்தது. 60 நாள் அவகாசம்: அதற்குள் வேறு முதலாளியிடம் மாற வேண்டும், அல்லது நாட்டைவிட்டுப் போக வேண்டும். ‘ஓடியவன்’ என்ற வசைச்சொல் போய் ‘துண்டிக்கப்பட்டவன்’ என்ற நிர்வாகச் சொல் வந்தது. நாகரிகம்தான். அறுபத்தொன்றாவது நாள் என்ன என்பதில் மாற்றமில்லை.

இந்த அறுபது நாளை மனதில் வைத்துக்கொண்டு அமெரிக்காவைப் பார்க்கலாம். கஃபாலாவைப் பற்றிப் பேசினால் அது அராபியர்களின் காட்டுமிராண்டித்தனம் என்று முகஞ்சுளிக்கும் நம் மத்தியதர வர்க்கத்தின் பிள்ளைகள் எச்-1பி விசாவில் அங்கே இருக்கிறார்கள். 1990இல் சட்டமாகிய இந்த விசாவுக்கும் தொழிலாளி தானே விண்ணப்பிக்க முடியாது, கம்பெனிதான் விண்ணப்பிக்க வேண்டும். 2000 அக்டோபரில் வந்த ஒரு சட்டம், புதிய கம்பெனி விண்ணப்பம் போட்ட உடனேயே, முடிவுக்குக் காத்திராமல், அங்கே வேலைக்குச் சேரலாம் என்றது. பழைய கம்பெனியின் சம்மதம் தேவையே இல்லை. கம்பி கட்டுகிறவர் கனவில்கூடக் காணாத உரிமை இது. ஆனால் வேலை போய்விட்டால்? 2017 ஜனவரி 17இல் அமலான விதிப்படி அதிகபட்சம் 60 நாள். அதற்கு முன்பு அந்த அவகாசமும் கிடையாது. 2022இன் இறுதியிலும் 2023இலும் பெரிய கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் ஆட்களைக் கழித்துவிட்டபோது, வீட்டுக் கடனும் பள்ளிக்குப் போகும் குழந்தையுமாக இந்த அறுபது நாளை எண்ணியவர்களில் சென்னை, கோவைக்காரர்களும் உண்டு. கிரீன் கார்டு வரிசையில் நிற்பவருக்கு இன்னொரு முடிச்சு. கம்பெனி மாறினால் வரிசையில் பிடித்த இடம் பெரும்பாலும் நிலைக்கும், ஆனால் புதிய கம்பெனி சான்றிதழ் வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்தச் சிரமத்துக்குப் பயந்து வருடக்கணக்கில் பதவி உயர்வும் கேட்காமல் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு.

இரண்டையும் ஒன்றென்று சொல்வது அபத்தம். ஒருவர் பாஸ்போர்ட் அவர் மேசை இழுப்பறையில் இருக்கிறது, மற்றவர் பாஸ்போர்ட் கஃபீலின் அலமாரியில். பிடுங்கி வைக்கக்கூடாது என்று அங்கேயும் சட்டம் சொல்கிறது, அது வேறு விஷயம். ஆனால் கட்டமைப்பில் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது. இருவரும் ஒரு முதலாளியிடமிருந்து இன்னொரு முதலாளிக்கு மாறலாம். இருவருக்கும் இரண்டு முதலாளிகளுக்கு நடுவே நிற்க இடமில்லை. பேரம் பேசும் வலிமை அந்த நடுவிடத்தில்தான் இருக்கிறது. ‘நீ வேண்டாம்’ என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச காலம் சும்மா இருக்க முடிந்தவனால்தான் பேரம் பேச முடியும். மார்க்ஸ் சொன்ன முதல் சுதந்திரம் கால அளவு குறிக்கப்பட்ட சுதந்திரமாகிவிட்டது.

தொழிலாளர்கள் சும்மா இருப்பதில்லை. சட்டம் தராத நகர்வை அவர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள். அதற்குப் பெயர் ஃப்ரீ விசா. ஒரு உள்ளூர்க்காரர் தன் பெயரில், இல்லாத கடைக்கோ இல்லாத வேலைக்கோ விசா எடுத்துக் கொடுப்பார், விலைக்கு. வருடாவருடம் அவருக்குப் பணம் கட்டிவிட்டு எங்கே வேண்டுமானாலும் வேலை தேடிக்கொள்ளலாம். இந்தப் பெயரில் உள்ள நகைமுரணைச் சொல்லாமல் போக முடியவில்லை: காசில்லாமல் கிடைப்பதும் இல்லை, சுதந்திரமும் இல்லை, சட்டப்படி விசாவும் இல்லை. ஆனாலும் எங்கள் பக்கம் ஆட்கள் கம்பெனி விசாவை விட்டுவிட்டு இதைத்தான் கேட்டு வாங்குகிறார்கள். அவர்களை ஏமாந்தவர்கள் என்று சொல்வது எளிது. விலகும் உரிமைக்குச் சந்தையில் ஒரு விலை இருக்கிறது, அதைக் கொடுக்க ஆள் இருக்கிறது என்பதே அந்த உரிமை எவ்வளவு முக்கியமானது என்பதற்குச் சாட்சி.

இலக்கியத்தில் இந்த இடத்தைத் தொட்டது பென்யாமினின் ‘ஆடு ஜீவிதம்’ (2008). பலரும் அதை அடிமைத்தனத்தின் கதையாக, பாலைவனத்தில் ஒரு ஆத்மாவின் சோதனையாக வாசித்தார்கள், 2024இல் வந்த படமும் அந்த வாசிப்பையே பெரிதுபடுத்தியது. எனக்கு அதன் மையம் வேறொரு இடத்தில் இருக்கிறது. தப்பி வந்த நஜீப் சிறையில் இருக்கிறான். அர்பாபுகள் வந்து தங்கள் ஆட்களை அடையாளம் காட்டி இழுத்துப் போகும் அணிவகுப்பு நடக்கிறது. நஜீபின் அர்பாபும் வருகிறான், பார்க்கிறான், விட்டுவிட்டுப் போகிறான். ஏன்? நஜீப் அவனுடைய விசாவில் வந்தவனில்லை. விமான நிலையத்தில் வேறு யாருக்கோ வந்தவனை அள்ளிக்கொண்டு போனவன் அவன். தன் விசாவாக இருந்திருந்தால் இழுத்துக்கொண்டு போயிருப்பான். மூன்று வருடத்துக்கும் மேல் ஆட்டோடு ஆடாகக் கட்டிவைத்தவனுக்குக் கடைசி நிமிடத்தில் உரிமை கோர ஒரு காகிதம் இல்லை. நஜீபைக் காப்பாற்றியது சட்டமல்ல, அவன் கடத்தப்பட்டவன் என்ற உண்மை. முறைப்படி விசாவில் வந்திருந்தால் அவன் முறைப்படி மந்தைக்குத் திரும்பியிருப்பான். நாவலின் கொடூரம் இதில்தான் இருக்கிறது.

ஆடு மேய்ப்பவர்களை இங்கே கொண்டுவந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. சவூதியின் 2021 சீர்திருத்தம் வீட்டு வேலையாட்கள், வீட்டு ஓட்டுநர்கள், தோட்டக்காரர்கள், விவசாயக் கூலிகள், மேய்ப்பர்கள் இவர்களைத் தன் வரம்புக்கு வெளியே வைத்தது. யாருக்கு விலகுவது மிகக் கடினமோ அவர்களையே. வீட்டு வேலைக்குப் போன பெண்ணுக்கு வேலையிடமும் தங்குமிடமும் ஒரே கதவுக்குப் பின்னால் இருக்கின்றன. அவளுக்கு ராஜினாமா என்ற செயலே கிடையாது. கதவைத் தாண்டினால் அது ஓட்டம். தூதரகங்களின் பாதுகாப்பு இல்லங்களில் மாதக்கணக்கில் காத்திருக்கும் பெண்களில் பலரும் திருடியவர்களோ ஏமாற்றியவர்களோ அல்ல, வேலையை விட்டவர்கள். குடியேற்ற அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்டில் வீட்டு வேலைக்குப் போக 30 வயது ஆகியிருக்க வேண்டும் என்று இந்திய அரசு விதித்திருக்கிறது. பெண்ணைப் பாதுகாக்க அவள் போவதைத் தடுக்கிறோம். போனவள் விலகுவதற்கு வழி கேட்பதில்லை.

காகிதத்தை முதலாளியிடமிருந்து பிரித்தால் என்ன ஆகும்? ஒரு இடத்தில் செய்து பார்த்தார்கள். பஹ்ரைன் 2017இல் ஃப்ளெக்ஸி பெர்மிட் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. உத்தரவு காலாவதியான, ரத்தான தொழிலாளி தனக்குத் தானே கஃபீல். யாரிடமும் வேலை பார்க்கலாம், மாதத்துக்கு ஒரு முதலாளி, நாளுக்கு ஒரு முதலாளி. கேட்பதற்கு விடுதலை போலிருக்கிறது. உத்தரவுக் கட்டணம், மருத்துவக் காப்பீடு, ஊர் திரும்பும் டிக்கெட்டுக்கான வைப்புத்தொகை, மாதச் சந்தா எல்லாம் தொழிலாளியின் பையிலிருந்து. முதலாளியிடமிருந்து கடிவாளம் கழன்றது, கூடவே முதலாளியின் பொறுப்பும் கழன்றது. முதலாளி ஓடிவிட்டதாகப் புகார் கொடுத்தவர்களுக்கு இது கிடையாது. அதாவது யார் விலகினார்களோ அவர்களுக்கு இல்லை, யார் விடப்பட்டார்களோ அவர்களுக்கு மட்டும். அப்படியிருந்தும் பஹ்ரைன் வியாபாரிகள் தங்கள் ஆட்கள் கைநழுவுகிறார்கள் என்று எதிர்த்தார்கள், நாடாளுமன்றத்திலும் பேசினார்கள். 2022இல் அரசு அதை எடுத்துவிட்டு வேறொரு பதிவு முறையைக் கொண்டுவந்தது.

இந்தச் சட்டங்கள் எதிலும் தொழிலாளியின் குரல் நேரடியாக இல்லை. கத்தாரில் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குச் சங்கம் அமைக்கும் உரிமை தரப்படவில்லை. கம்பெனிக்குள் நிர்வாகமும் தொழிலாளரும் சேர்ந்த கூட்டுக் குழுக்கள் மட்டும் உண்டு. சவூதியிலும் அமீரகத்திலும் யாருக்குமே தொழிற்சங்கம் கிடையாது. தனியாக நிற்கிற ஒருவன் கையில் இருக்கும் ஒரே வேலைநிறுத்தம் விலகிப் போவதுதான்.